அப்பாவின் காலை ஷிஃப்ட்

“அப்பாவை ஹோமில் போட்டுட்டீங்களாமே?”

ஓராண்டுக்கும் மேலாக இந்தக் கேள்வி எங்களைத் துரத்துகிறது. கல்யாண வீட்டில், கோயில் பிரசாத வரிசையில், தேக்கா சந்தையில் மீன் வெட்டக் கொடுத்துவிட்டு நிற்கும்போது என்று எங்கேயாவது யாராவது கேட்டுவிடுகிறார்கள். கெட்ட எண்ணத்தில் கேட்பதில்லை. ‘ஹோம்’ என்ற ஒரே சொல்லுக்குள் நாம் இரண்டு வேறு இடங்களை அடைத்து வைத்திருக்கிறோம், அவ்வளவுதான். ஒன்று தாதிமை இல்லம். படுக்கை, சாப்பாடு, இரவு, பகல் எல்லாம் அங்கேயே. மற்றது மூத்தோர் பகல்நேரப் பராமரிப்பு நிலையம். காலையில் போய் மாலையில் வீடு திரும்பிவிடலாம். அப்பா போவது இந்த இரண்டாவது இடத்துக்கு. மாலை ஐந்தரைக்கு வீட்டுக்கு வந்து, அம்மா போட்ட தேநீரில் சீனி போதவில்லை என்று குறைசொல்லும் மனிதரை எப்படி ‘ஹோமில் போட்டுவிட்டோம்’ என்று சொல்வது?

அப்பாவுக்கு 83 வயது. 1952ல் நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறி, பத்து வயதுப் பையனாக இங்கு வந்தவர். 1960ல் சிங்கப்பூர் ஹார்பர் போர்டில் வேலைக்குச் சேர்ந்தார். 1964ல் அது துறைமுக ஆணையமானபோது அப்பாவின் சட்டையில் இருந்த முத்திரை மட்டும்தான் மாறியது என்பார். கப்பல் தளத்தில் வின்ச் இயக்கினார். 1972 ஜூனில் தஞ்சோங் பகாரில் முதல் கொள்கலன் கப்பலான ‘நிஹோன்’ வந்து நின்ற நாளைப் பற்றி நாங்கள் நூறு தடவையாவது கேட்டிருப்போம். 1997ல் ஓய்வு பெற்றார்.

டிமென்ஷியா எனப்படும் முதுமை மறதிநோய் என்று மருத்துவர் சொல்லி மூன்று ஆண்டுகள் ஆகின்றன. சிங்கப்பூரில் 60 வயதைத் தாண்டியவர்களில் ஏறத்தாழ பதினொருவரில் ஒருவருக்கு இது இருப்பதாக மனநலக் கழகத்தின் ஆய்வு சொல்கிறது. அப்பா அந்தப் பதினொருவரில் ஒருவர். முதலில் சாவி, பிறகு தேதி, பிறகு பேரப்பிள்ளைகளின் பெயர். ஒருநாள் இரவு இரண்டு மணிக்குக் காலணி மாட்டிக்கொண்டு மின்தூக்கிக்கு அருகில் நின்றார். அம்மாவுக்கு 76 வயது, இரண்டு முட்டியும் தேய்ந்தவர். அவர்தான் பின்னால் ஓடியிருக்கிறார்.

அப்போதுதான் நிலையத்தைத் தேடினோம். தேடுகிறவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மருத்துவமனையின் மருத்துவ சமூக ஊழியர் அல்லது பலதுறை மருந்தகம் வழியாக விண்ணப்பிக்கலாம். ஒருங்கிணைந்த பராமரிப்பு அமைப்பின் 1800 650 6060 என்ற எண்ணில் நேரடியாகவும் கேட்கலாம். குடும்பத்தில் ஆளுக்கு எவ்வளவு வருமானம் என்று கணக்கிட்டு மானியத்தை முடிவு செய்வார்கள். குளிப்பது, உடுத்துவது, சாப்பிடுவது, கழிவறைக்குப் போவது, நடப்பது, படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாறுவது ஆகிய ஆறில் மூன்றுக்கு நிரந்தரமாக உதவி தேவைப்பட்டால் வீட்டுப் பராமரிப்பு மானியத்துக்கும் விண்ணப்பிக்கலாம். 2025ல் அது வருமானத்தைப் பொறுத்து மாதம் 400 வெள்ளி வரை இருந்தது. 2026 ஏப்ரலிலிருந்து அது 600 வெள்ளி வரை. பணிப்பெண் வைத்துக்கொள்வதையும் யோசித்தோம். வீட்டில் முதியவர் இருந்தால் தீர்வை மாதம் 60 வெள்ளிதான். ஆனால் அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. “வீட்டுக்குள்ளயே மூணு பேரும் ஒருத்தர் மூஞ்ச ஒருத்தர் பார்த்துக்கிட்டு இருக்கவா?” என்றார். அது நியாயமான கேள்விதான்.

இடம் கிடைத்தது ஈசூனில், ஒரு புளோக்கின் கீழ்த்தளத்தில். முப்பது பேர் வருகிறார்கள், அவர்களில் தமிழ் பேசுபவர்கள் நான்கு பேர். மாதம் பிறப்பதற்கு முன்பே ஒரு தாள் வீட்டுக்கு வந்துவிடும். திங்கள் முதல் வெள்ளி வரை கட்டம் கட்டி, காலை உடற்பயிற்சி, ரம்மி-ஓ, பாட்டு, கைவேலை, பிங்கோ என்று நிரப்பியிருப்பார்கள். புதன்கிழமைகளில் அரைநாள் வேலை கேட்டு என் நிறுவனத்தில் விண்ணப்பித்தேன். நீக்குப்போக்கான வேலை ஏற்பாட்டை ஊழியர்கள் முறைப்படி கேட்கவும், முதலாளிகள் அதை முறைப்படி பரிசீலிக்கவும் 2024 டிசம்பரிலிருந்து வழிகாட்டி நெறிமுறைகள் நடப்பில் உள்ளன. கேட்டுப் பார்த்தால்தானே தெரியும்? கிடைத்தது. அதிலிருந்து புதன் பிற்பகல்களில் நிலையத்தில் தொண்டூழியராக இருக்கிறேன். இந்த அக்டோபர் மாதத்தை அப்படித்தான் அருகிலிருந்து பார்த்தேன்.

மாதத்தின் முதல் வாரம் எடை பார்க்கும் வாரம். யாருக்காவது இரண்டு கிலோ குறைந்திருந்தால் தாதி வீட்டுக்குத் தொலைபேசியில் அழைத்துவிடுவார். அப்பா அரைக்கிலோ கூடியிருந்தார். காலையில் எல்லாரும் வந்ததும் ரத்த அழுத்தம் பார்க்கிறார்கள். பிறகு வெள்ளைப் பலகையில் ‘இன்று புதன்கிழமை, அக்டோபர் 1, வெளியே மழை’ என்று பெரிதாக எழுதி எல்லாரையும் சொல்லச் சொல்கிறார்கள். சொல்பவர்களில் பாதிப் பேருக்கு அடுத்த பத்து நிமிடத்தில் மறந்துவிடும். மழை என்பது மட்டும் மறப்பதில்லை, சன்னலில் தெரிகிறதே.

6ஆம் தேதி மூன்கேக் பண்டிகை. நீரிழிவு உள்ளவர்கள் அதிகம் என்பதால் ஒரு கேக்கை எட்டுத் துண்டாக வெட்டி ஆளுக்கு ஒன்று கொடுத்தார்களாம். ஒரு சீனப் பாட்டி தன் பங்கைத் தின்றுவிட்டு, தனக்கு இன்னும் தரவில்லை என்று மூன்று தடவை கேட்டு வாங்கிவிட்டாராம். மறதியா, சாமர்த்தியமா என்று தாதிக்கே சந்தேகம்.

அப்பாவின் பெரிய சிக்கல் வேனில் ஏறுவது. செப்டம்பர் முழுக்கவே தகராறுதான். “நான் எங்கயும் வரல, எனக்கு வேலை இருக்கு” என்று சோபாவைப் பிடித்துக்கொள்வார். வேன் ஐந்து நிமிடத்துக்கு மேல் நிற்க முடியாது. உள்ளே மற்ற மூத்தோர் இருக்கிறார்கள், இன்னும் இரண்டு புளோக் போக வேண்டும். 7ஆம் தேதி காலை அம்மா அடுப்படியிலிருந்தே சத்தமாகக் கேட்டார்: “மணி எட்டாகுது, ஷிஃப்ட்டுக்குப் போகலையா?”

அப்பா எழுந்தார். காலணி மாட்டினார். கீழே போய் வேனில் ஏறிவிட்டார்.

அம்மா இதை யோசித்துச் செய்யவில்லை. முப்பது வருடம் தினமும் காலையில் சொன்ன வாக்கியம் வாயில் வந்திருக்கிறது. அன்று முதல் அப்பாவுக்கு அது வேலையிடம். நிலையத்தின் மேலாளர் ஒரு சீனப் பெண்மணி. விஷயம் தெரிந்ததும் தடித்த அட்டையில் ஒரு வருகைச் சீட்டு செய்துவிட்டார். அப்பா காலையில் உள்ளே நுழைந்ததும் அதில் ரப்பர் முத்திரை குத்த வேண்டும். குத்தினால்தான் உட்காருவார்.

அண்ணனுக்கு இது பிடிக்கவில்லை. ஜூரோங் வெஸ்ட்டிலிருந்து ஞாயிறன்று வந்தவர் அந்தச் சீட்டைப் பற்றிக் கேட்டதும் முகம் சுருங்கிவிட்டார். “அப்பா வாழ்நாள்ல யாரையும் ஏமாத்தினது இல்ல. கடைசி காலத்துல நாம அவர ஏமாத்தணுமா?” என்றார். மேலாளரிடமும் இதைக் கேட்டேன். தாங்களாக முதலில் பொய் சொல்வதில்லை, ஆனால் அவர்கள் நம்புவதைத் திருத்தி அழவைப்பதும் இல்லை என்றார். ஒரு பாட்டி இறந்துபோன கணவரை தினமும் தேடுகிறார். ‘அவர் இறந்து பத்து வருடமாகிறது’ என்று சொன்னால் தினமும் புதிதாக ஒரு சாவு. அதனால் ‘அவரைப் பற்றிச் சொல்லுங்கள்’ என்று கேட்கிறார்களாம். இந்தப் பதில் எனக்குப் போதும். அண்ணனுக்குப் போதவில்லை. அவரையும் குறைசொல்ல முடியாது. வாரம் ஒருமுறை வருபவருக்கு அப்பா இன்னும் பழைய அப்பாதான்.

இந்த நேரத்தில்தான் 9ஆம் தேதி, வியாழக்கிழமை, அலுவலகத்தில் கூட்டத்தில் இருந்தபோது நிலையத்திலிருந்து அழைப்பு வந்தது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அப்பாவின் கால்சட்டை நனைந்திருக்கிறது. மாற்றிவிடக் குளியலறைக்கு அழைத்துப்போன பராமரிப்பு ஊழியரை முழங்கையால் ஓங்கி இடித்துவிட்டார். அந்தப் பெண் மியன்மாரைச் சேர்ந்தவர், வயது இருபத்தைந்து இருக்கும். கை கன்றிவிட்டது. “இது புகார் இல்லை” என்றுதான் மேலாளர் தொடங்கினார். ஆனால் 22ஆம் தேதி மறுபரிசீலனைக் கூட்டம் வைக்கலாம் என்றார். மற்றவர்களின் பாதுகாப்பையும் பார்க்க வேண்டும், இப்படித் தொடர்ந்தால் வேறு வகைப் பராமரிப்பு பற்றிப் பேச வேண்டியிருக்கும் என்றார். வேறு வகை என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். கல்யாண வீட்டில் கேட்கிறார்களே, அந்த ஹோம்.

அம்மாவிடம் அன்று இரவு சொல்லவில்லை. மறுநாள் சொன்னேன். அவர் ஒன்றும் பேசாமல் முட்டிக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார். இந்த ஓராண்டில் அம்மாவுக்குக் கிடைத்தது பெரிய சுதந்திரம் ஒன்றும் இல்லை. முதல் இரண்டு வாரம் பகலில் தூங்கினார், அவ்வளவுதான். பிறகு முட்டிக்கு பிசியோதெரபி போக ஆரம்பித்தார். பக்கத்து வீட்டு மலாய் ஆன்ட்டியோடு சந்தைக்குப் போனார். குளியலறைக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு குளிக்கத் தேவையில்லாமல் போனது என்று ஒருநாள் சொன்னார். அப்பா வீட்டில் இருந்தால், எந்த நேரம் வெளியே போய்விடுவாரோ என்று கதவைத் திறந்தே வைத்திருப்பாராம். அந்தப் பத்து மணி நேரம் போய்விட்டால் அம்மாவின் உடம்பு தாங்காது.

அடுத்த புதன், 15ஆம் தேதி, நிலையத்தில் முடிவெட்டும் நாள். மாதம் ஒருமுறை தொண்டூழியர்கள் கத்தரியோடு வருவார்கள். அந்த மியன்மார்ப் பெண் அப்பாவுக்குத் துண்டு போர்த்திவிட்டுக்கொண்டிருந்தார். கையில் காயம் மஞ்சளாக மாறியிருந்தது. மன்னிப்புக் கேட்கப் போனேன். அவர் அதைக் காதில் வாங்கவே இல்லை. வேறொன்று கேட்டார்.

“ஸிஸ்டர், ‘கடாவு’ என்றால் என்ன?”

எனக்குப் புரியவில்லை. இன்னொரு முறை சொன்னார். அன்று குளியலறையில் அங்கிள் திரும்பத் திரும்ப அதைத்தான் சொன்னார், பிறகுதான் இடித்தார் என்றார்.

கதவு.

அவசரத்துக்குச் சக ஊழியரைக் கூப்பிடுவதற்காக அந்தக் கதவைப் பாதி திறந்து வைத்திருப்பார்கள். அப்பா கால்சட்டையை அவிழ்த்த நிலையில், கதவைச் சாத்து என்று கேட்டிருக்கிறார். ஒரு தடவை இல்லை, பல தடவை. யாருக்கும் விளங்கவில்லை. ஒரு காலத்தில் ஆங்கிலத்தில் வெள்ளைக்கார அதிகாரியிடம் ஓவர்டைம் கேட்டு வாதாடியவர் அவர். இப்போது அந்த ஆங்கிலம் போய்விட்டது. பிற்காலத்தில் கற்ற மொழி முதலில் நழுவுவதும், தாய்மொழி கடைசிவரை தங்குவதும் இந்த நோயில் பலரிடம் காணப்படுகிறது. இதைப் படித்து அறிந்திருந்தேன். கன்றிய கையோடு ஒரு பெண் ‘கடாவு’ என்று உச்சரித்தபோதுதான் அது எப்படிப்பட்ட விஷயம் என்று உறைத்தது.

அன்று மாலையே உட்கார்ந்து ஒரு தாள் தயாரித்தோம். அவர் கேட்டார், நான் ஆங்கில எழுத்தில் எழுதிக்கொடுத்தேன். கதவு, தண்ணி, வலி, போதும், சூடு, ஒண்ணுக்கு, மெதுவா, உட்காருங்க, நான் பிடிச்சுக்கிறேன். இருபத்திரண்டு சொற்கள். ‘ஐயா’ என்று கூப்பிட வேண்டும் என்பதையும் சேர்த்தேன். அந்தத் தாள் இப்போது குளியலறைக்கு வெளியே, மாண்டரின், மலாய்ச் சொற்கள் எழுதிய தாள்களுக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறது. தமிழுக்கு அதுவரை தாள் இல்லை. நான்கே பேர்தானே! குறைசொல்லி இதை எழுதவில்லை. நாம் எழுதிக் கொடுக்காமல் அவர்களுக்கு எப்படித் தெரியும்? உங்கள் வீட்டிலிருந்து யாராவது இப்படி ஒரு நிலையத்துக்குப் போனால், சேர்க்கை விண்ணப்பத்தில் ‘பேசும் மொழி: தமிழ்’ என்று எழுதுவதோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். அவர் பசியை என்ன சொல்லிக் கேட்பார், வலித்தால் ‘ஐயோ’ என்பாரா ‘முருகா’ என்பாரா, அதை எழுதிக் கொடுங்கள்.

மொழி விஷயத்தில் இன்னொன்றும் பார்த்தேன். அப்பாவுக்கு நிலையத்தில் நெருக்கமானவர் ஒரு சீனத் தாத்தா. 1983ல் சிங்கப்பூர் ஆற்றிலிருந்து தொங்கான்களை எல்லாம் பாசிர் பாஞ்சாங்குக்கு அப்புறப்படுத்தினார்களே, அதுவரை ஆற்றில் தொங்கான் ஓட்டியவர். அவருக்குத் தமிழ் தெரியாது, அப்பாவுக்குச் சீனம் தெரியாது. இருவரும் பேசுவது அந்தக் காலத்து பாஸார் மலாய். “ஹரி இனி அடா காப்பால்?” என்று இவர் கேட்பார். இன்றைக்குக் கப்பல் இருக்கிறதா? “அடா, அடா” என்பார் அவர். இளம் ஊழியர்களுக்கு அது புரிவதில்லை. மலாய் ஊழியருக்கே பாதிதான் புரிகிறதாம், இலக்கணம் இல்லாத மலாய் என்று சிரிக்கிறார். ஒரு தலைமுறை முழுக்க இந்தத் தீவில் ஒருவரோடு ஒருவர் பேசிய மொழி அது. இப்போது அது இரண்டு நாற்காலிகளுக்கு நடுவில் மட்டும் இருக்கிறது.

கைவேலை நேரத்தில் காகிதப் பூ மடிக்கச் சொன்னால் அப்பா தள்ளிவிடுவார். சிகிச்சையாளர் ஒருவர், வின்ச் வேலை பார்த்தவர் என்று நான் சொன்னதைக் கேட்டு, இரண்டு மீட்டர் தடித்த கயிறு ஒன்றைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். என்ன செய்வதென்று யாரும் சொல்லவில்லை. அப்பா கயிற்றை எடுத்து, சுழற்றி, பாரம் இழுத்தாலும் இறுகாத வளைய முடிச்சு ஒன்றைப் போட்டார். அவிழ்த்தார். திரும்பப் போட்டார். பேரன் பெயர் நினைவில் இல்லாத கைகள் அவை. சீனத் தாத்தா அதைப் பார்த்துவிட்டு, தப்பு என்று வாங்கி, தன் பாணியில் ஒரு முடிச்சுப் போட்டார். அதிலிருந்து தினமும் அரைமணி நேரம் இதுதான் சண்டை.

17ஆம் தேதி வெள்ளிக்கிழமை நிலையத்தில் தீபாவளிக் கொண்டாட்டம். எங்கள் தாளில் பெரிய எழுத்தில் போட்டிருந்த நாள். விடுப்பு எடுத்துக்கொண்டு போனேன். வண்ண அரிசியில் ரங்கோலி. ஊழியர்கள் பஞ்சாபி உடை, சேலை. மிருதுவாகச் செய்த முறுக்கு, பல் இல்லாதவர்களுக்கு கேசரி. ரங்கோலியில் ஒரு சீனப் பாட்டி போட்ட மீன் எல்லாவற்றையும்விட அழகாக இருந்தது. மாணவர்கள் வந்து ஒலிபெருக்கி வைத்து சினிமாப் பாட்டுக்கு ஆடினார்கள். படங்கள் நன்றாக வந்தன. ஆனால் நான் பார்த்த வரையில், கொண்டாட்ட நாள்கள் பார்க்க வருபவர்களுக்குத்தான் நல்ல நாள்கள். சத்தம், புதுமுகங்கள், மாறிப்போன சாப்பாட்டு நேரம் எல்லாம் மறதிநோய் உள்ளவர்களைக் களைத்துவிடுகின்றன. அப்பா இரண்டாம் பாட்டிலேயே காதைப் பொத்திக்கொண்டார். ஒரு மலாய்ப் பாட்டி அழத் தொடங்கினார். ஊழியர்கள் இருவரையும் உள்ளறைக்கு அழைத்துப்போய் விளக்கைக் குறைத்தார்கள். பள்ளிகளும் நிறுவனங்களும் பண்டிகை வாரத்தில் திரளாக வருகிறார்கள். பெப்ரவரி மாதத்துச் சாதாரண செவ்வாய்க்கிழமையில், இரண்டே பேராக வந்து ரம்மி-ஓ ஆடினால் இதைவிட நூறு மடங்கு உதவி. தொண்டு செய்ய விரும்பும் இளையர்களிடம் இதைச் சொல்ல எனக்கு ரொம்ப நாளாக ஆசை.

20ஆம் தேதி திங்கட்கிழமை தீபாவளி, நிலையம் மூடல். சனி முதல் திங்கள் வரை அப்பா மூன்று நாள் வீட்டில். எண்ணெய்க் குளியல் நன்றாகவே நடந்தது, அண்ணன் தலையில் எண்ணெய் வைத்துவிட்டார். பிற்பகல் நான்கு மணிக்கு மேல் ஆரம்பித்தது. பொழுது சாயும் நேரத்தில் இவர்களுக்கு ஒரு தவிப்பு வரும். வீட்டில் உறவினர் இருபது பேர். அப்பா புதுச் சட்டையோடு காலணி மாட்டிக்கொண்டு, ஷிஃப்ட்டுக்குப் போகணும் என்றார். அண்ணன், இன்று விடுமுறை, தீபாவளி, நீங்கள் ஓய்வு பெற்று இருபத்தெட்டு வருடமாகிறது என்று பொறுமையாக விளக்கினார். அப்பா அண்ணனின் முகத்தையே பார்த்தார். “அப்போ என்ன வேலைய விட்டுத் தூக்கிட்டாங்களா?” என்று கேட்டார். கண் கலங்கியிருந்தது. அண்ணன் எழுந்து தாழ்வாரத்துக்குப் போய்விட்டார். சற்றுப் பொறுத்து உள்ளே வந்தவர், “வாங்கப்பா, நான் கொண்டுபோய் விடறேன்” என்று கையைப் பிடித்துக் கீழே அழைத்துப்போனார். புளோக்கைச் சுற்றி இரண்டு தடவை நடந்திருக்கிறார்கள். திரும்பி வந்தபோது அப்பா களைத்து, சமாதானமாக இருந்தார். அண்ணன் எங்களிடம் எதுவும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

22ஆம் தேதிக் கூட்டம் நாற்பது நிமிடம் நடந்தது. மேலாளர், தாதி, சிகிச்சையாளர், நான், அம்மா. அண்ணன் வேலைக்கு நடுவில் காணொளியில் சேர்ந்துகொண்டார். 15ஆம் தேதிக்குப் பிறகு அடி, இடி எதுவும் இல்லை என்பது பதிவில் இருந்தது. முடிவானவை இவை: குளியலறைக் கதவைச் சாத்திக்கொள்ளலாம், ஊழியர் அழைப்பு மணியைக் கையில் வைத்திருப்பார். முடிந்தவரை ஆண் ஊழியர் உதவுவார். சாப்பாடு முடிந்ததும் கேட்காமலே கழிவறைக்கு அழைத்துப்போவார்கள், நனையும்வரை காத்திருக்க மாட்டார்கள். பிற்பகல் மூன்றரைக்குப் பாட்டுக் குழுவுக்குப் பதிலாகக் கயிறு. மூன்று மாதம் இப்படிப் பார்க்கலாம், ஜனவரியில் மறுபடியும் கூடலாம் என்றார் மேலாளர். இந்த நோய் பின்னால் போகாது, ஒருநாள் இந்த நிலையம் போதாமல் போகும் என்பதையும் மறைக்காமல் சொன்னார். அம்மாவுக்கு நான் மொழிபெயர்த்தேன். “ஜனவரி வரைக்கும் போதும்” என்றார் அம்மா. “அதுக்கப்புறம் பொங்கல் வருது, பார்த்துக்கலாம்.”

கூட்டத்தின் கடைசியில் மேலாளர் இன்னொன்றைச் சொன்னார். அப்பா சில நாள்களாகச் சம்பளம் எப்போது என்று கேட்கிறாராம். நிலைய விதிப்படி ஊழியர்கள் மூத்தோரிடம் பணம் கொடுக்கவோ வாங்கவோ கூடாது. முத்திரை குத்தத்தான் முடியும். என்ன செய்யலாம் என்று எங்களைக் கேட்டார். காணொளியில் அண்ணன் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “கவர் நான் வாங்கிட்டு வரேன், அப்ப எல்லாம் பழுப்புக் கலர்லதான் குடுப்பாங்க” என்றார்.

31ஆம் தேதி வெள்ளிக்கிழமை. அண்ணன் ஐம்பது வெள்ளியைப் பத்து வெள்ளித் தாள்களாக மாற்றி, பழுப்பு உறையில் போட்டு, மேலே அப்பாவின் பெயரையும் பழைய வேலை எண்ணையும் எழுதிக் காலையிலேயே அவர் பையில் வைத்துவிட்டார். அந்த எண் அண்ணனுக்கு நினைவிருந்தது எனக்கு ஆச்சரியம். மாலை வேன் இறங்கியதும் அப்பா நேராக அடுப்படிக்குப் போனார். உறையை எடுத்து அம்மாவிடம் நீட்டினார். சம்பளத்தை அவர் எந்தக் காலத்திலும் தன்னிடம் வைத்துக்கொண்டதில்லை.

அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினார். பிரித்து, விரலை எச்சில் தொட்டு எண்ணினார். ஐந்து தாள்.

“என்னங்க, இந்த மாசம் ஓவர்டைம் காசக் காணோம்?”

அப்பா யோசித்தார். “மழைல்ல” என்றார். “மழையில கப்பல் வேலை ஏது? அடுத்த மாசம் சேர்த்துத் தருவான்.”